உள்ளங்கை அரிச்சா பணம் வருமாம்ல!

உள்ளங்கை அரிச்சா பணம் வரும், உள்ளங்கால் அரிச்சா பயணம் வரும்னு எங்க பாட்டி சொல்லும். அது மட்டும் நிசமா இருந்தா, இந்த ஏழு மாசத்துல நான் பாதி ஊரை வாங்கிட்டு உலகத்தை நாலு சுத்து சுத்தி வந்திருக்கணும். வந்தது என்னவோ லேப் பில்லு மட்டும்தான் மக்களே :-)

விஷயம் இதுதான். ராத்திரி பதினொரு மணிக்குப் படுப்பேன். சரியா அரைமணி நேரத்துல உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் ஆரம்பிக்கும். தடிப்பு, சிவப்பு, கொப்புளம் எதுவுமே கிடையாது. பார்க்கிறவங்களுக்குக் கையும் காலும் நல்லா இருக்கும். எனக்கோ தோலுக்கு அடியில யாரோ உக்காந்து கோரைப்பாய் பின்னுற மாதிரி இருக்கும். சொறிஞ்சா அந்த நிமிஷம் சொர்க்கம், அடுத்த நிமிஷம் இரண்டு மடங்கு. வாசல்ல கிடக்குற தென்னைநார் மிதியடியில நடுராத்திரி ரெண்டு மணிக்கு நின்னு காலைத் தேய்ச்சிருக்கேன். "தேங்காய்த் துருவி ஒண்ணுதான் பாக்கி"ன்னு தங்கமணி தூக்கக் கலக்கத்துல சொன்னாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா தொடர்ந்து தூக்கம் கெட்டா மனுஷன் மனுஷனாவே இருக்க மாட்டான். ஆபீஸ்ல எரிஞ்சு விழுறது, வண்டி ஓட்டும்போது கண்ணு சொக்குறது எல்லாம் நடந்துச்சு.

இலவச ஆலோசனைக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? கத்திரிக்காயை நிறுத்து, கருவாட்டை நிறுத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசு, "பித்தம் ஏறிப்போச்சுடா"... அந்தக் கடைசி வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

தோல் டாக்டரைப் பார்த்தேன். பொறுமையா கேள்வி கேட்டார். வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதா? விரல் இடுக்குல புள்ளி இருக்கா? (இது சிரங்குப் பூச்சிக்கான கேள்வி. அது ஒருத்தருக்கு வந்தா வீட்டுக்கே மருந்து போடணும்.) புதுசா மாத்திரை, சோப்பு, செருப்பு ஏதாவது? சிறுநீர் மஞ்சளா போகுதா? எடை குறைஞ்சுதா? அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து, ரத்த அணுக்கள். தோல்ல ஒண்ணும் தெரியாம அரிச்சா உள்ளே எங்கயாவது கோளாறு இருக்கலாம்னு இதையெல்லாம் பார்ப்பாங்களாம். எல்லாமே நார்மல்!

சந்தோஷப்படணும்ல? பட்டேன், ஒரு சாயங்காலம் வரைக்கும். ராத்திரி திரும்ப அரிச்சப்போ, ஒரு பேராவது இருந்தா திட்டுறதுக்கு வசதியா இருக்குமேன்னு தோணுச்சு. டாக்டர் நேர்மையான ஆளு. "ஆறு வாரத்துக்கு மேல இருந்தா நாள்பட்ட அரிப்புன்னு சொல்வோம். அதுல கொஞ்சம் பேருக்குக் காரணம் கிடைக்காது. கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல, மறுபடி பார்க்கலாம்"னார்.

தூக்கம் வராதவன் என்ன பண்ணுவான், படிப்பான். 1660-லயே சாமுவேல் ஹாஃபன்ரெஃபர்னு ஒரு ஜெர்மன் வைத்தியர், சொறியணும்னு தூண்டுற விரும்பத்தகாத உணர்ச்சிதான் அரிப்புன்னு எழுதி வச்சிருக்கார். இன்னிக்கும் இதைத்தான் சொல்றாங்க. சொறியும்போது வர்ற சின்ன வலி, தண்டுவடத்துல அரிப்புச் சேதியை அமுக்கிடுது. வலி நின்னதும் அரிப்பு எந்திரிச்சு உக்காந்துடும். ராத்திரியில ஏன் ஜாஸ்தி? தூங்கப் போற நேரத்துல உடம்பு தன் சூட்டைக் கை கால் வழியா வெளியே விடுது, தோல் சூடாகுது. கவனத்தைத் திருப்ப வேற வேலையும் இல்ல. செட்ரிசின் ஏன் எனக்கு வேலை செய்யலைன்னும் புரிஞ்சுது. எல்லா அரிப்பும் ஹிஸ்டமின் வழியா வர்றதில்லையாம்.

எனக்கு உதவினதைச் சொல்றேன்:

* வெந்நீர்ல காலை முக்குறது பரமசுகம், ஆனா அரைமணியில பழிவாங்கும். நிறுத்தியாச்சு. ஈரத்துணியைக் குளிர வச்சு ஒத்தடம்.
* மாய்ஸ்சரைசரை ஃப்ரிட்ஜ்ல வச்சு, குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை.
* நகத்தை ஒட்ட வெட்டிடணும். அரிச்சா சொறியாம உள்ளங்கையால அழுத்திப் பிடிக்கணும், இல்ல தட்டணும்.
* பருத்தி சாக்ஸ். சென்னை வெயில்ல சாக்ஸான்னு சிரிக்காதீங்க, ஃபேனுக்கு நேரா காலை நீட்டினா சரியாயிடும்.
* எப்போ அரிச்சுது, என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன்னு ஒரு நோட்டு.

ஏழு நாளும் அரிச்சது இப்போ வாரத்துக்கு ரெண்டு நாள் ஆகியிருக்கு. காரணம் இன்னும் தெரியாது.

இதை எழுத வச்சது என் அரிப்பு இல்ல. போன மாசம் அக்கா வீட்டுக்குப் போனப்போ, வளைகாப்பு முடிஞ்சு வந்திருந்த அக்கா பொண்ணு, "மாமா, எனக்கும் உங்க வியாதி ஒட்டிக்கிச்சு. ராத்திரி ஆனா உள்ளங்கை, உள்ளங்கால் பிச்சுக்குது"ன்னு சிரிச்சுது. முப்பத்திமூணாவது வாரம். "குழந்தைக்கு முடி வளருது, அதான்டா"ன்னு எங்கம்மா தீர்ப்பே சொல்லிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்ல, தடிப்பு இல்லாம கையும் காலும் அரிச்சா, கல்லீரல்ல இருந்து பித்தநீர் சரியா வடியாம பித்த அமிலம் ரத்தத்துல தேங்கியிருக்கலாம். அந்த அளவு ரொம்ப ஏறினா வயித்துக்குள்ளயே குழந்தை இறந்துபோற ஆபத்து கூடும். 2019-ல லான்செட்ல வந்த பெரிய ஆய்வுல, நூறு மைக்ரோமோலுக்கு மேல போனவங்கள்ல 3.44 சதவீதம், நாற்பதுக்குக் கீழ இருந்தவங்கள்ல 0.13 சதவீதம். இதை நான் நடுராத்திரி மிதியடியில நின்னுக்கிட்டுப் படிச்சிருந்தேன்.

பயமுறுத்தாம சொல்லணுமே! "நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லும்மா, கல்லீரல் டெஸ்ட்டும் பித்த அமில டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லு"ன்னேன். அக்கா முறைச்சா, "வயித்துப் புள்ளகிட்ட என்னடா பேசுற?" ஆனாலும் போனாங்க. 46 இருந்துச்சு. "ஆபத்தான அளவு இல்ல, ஆனா ஏறிக்கிட்டே போகலாம், அதனால விடாம பார்க்கணும்"னாங்க டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தாங்க, அரிப்பு கொஞ்சம்தான் குறைஞ்சுது. வாராவாரம் ரத்தம் பார்த்து, முப்பத்தெட்டாவது வாரத்துல வலி வரவழைச்சுப் பிரசவம் பார்த்தாங்க. பொம்பளப் புள்ள. தலை நிறைய முடி! எங்கம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டிக்கிட்டுதான் இருக்காங்க :-)) பிரசவம் ஆன சில நாள்லயே அவளுக்கு அரிப்பு போயிடுச்சு. அடுத்த பிரசவத்துல திரும்ப வரலாம், மறக்காம சொல்லணும்னு ஃபைல்ல எழுதிக் கொடுத்திருக்காங்க.

அரிப்புன்னா நமக்கு எப்பவும் ஒரு நக்கல்தான். வெட்கத்துல வெளியே சொல்றதும் கிடையாது. ஆறு வாரம் தாண்டினா, தூக்கத்தைக் கெடுத்தா, கண்ணு மஞ்சளானா, இல்ல வீட்டுல கர்ப்பமா இருக்கிற பொண்ணு சொன்னா, தயவுசெஞ்சு போய்க் காட்டுங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்தா அதுவும் ஒரு பதில்தான். அதோட குடும்பம் நடத்தப் பழகிக்கலாம், நான் நடத்துறேனே!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்கோ. உங்ககிட்ட உருப்படியான வழி ஏதாவது இருந்தா சொல்லிட்டுப் போங்க. கத்திரிக்காயை மட்டும் விடச் சொல்லாதீங்க, அது முடியாது.