கடலோரம் வேனில் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குக் கேம்பர்வேனில் போகிறவர்கள் முதலில் படகில் இடம் பிடியுங்கள். வண்டியின் நீளத்துக்குத்தான் கட்டணம். கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பாரா தீவில் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது, அதுவும் கடல் வற்றிய நேரம் பார்த்து! அங்கிருந்து படகில் எரிஸ்கே தீவு. 1941-இல் விஸ்கி ஏற்றிவந்த கப்பல் தரைதட்டியது இதன் பக்கத்தில்தான். தீவுக்காரர்கள் இரவோடிரவாகப் போய் சரக்கை ‘மீட்டார்கள்’.

பல சாலைகளில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கிடத்தில் நின்று வழிவிட வேண்டும், பதிலுக்கு ஒரு கையசைப்பு கிடைக்கும். நம்மூர் ஹாரன் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இதே தீவுக்கூட்டத்தின் ஹாரிஸ், லூயிஸ் பக்கம் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் திறக்காது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு ஹாரிஸின் லஸ்கென்டயர் கடற்கரை வெள்ளை மணலைவிட அந்தக் கட்டாய ஓய்வுதான் அதிகம் பிடித்தது. டீசல், பால், ரொட்டி எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.