காலி இருக்கைகளுக்கு முன் ஒரு வெற்றி

ஜோர்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலைக்கு அருகே இருக்கும் நகர அரங்கம், பினாங்கு காற்பந்து அணியின் பழைய வீடு. நீலமும் மஞ்சளும் உடுத்தி ஆடும் இந்த அணியைக் ‘கருஞ்சிறுத்தை’ என்று ஆதரவாளர்கள் அழைப்பார்கள்.

2016 பிப்ரவரி 16ஆம் நாள் இந்த அரங்கத்தில் பகாங் அணிக்கு எதிராக முகமட் பைஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் உதைத்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோல் போய், நடுவானில் திசை மாறி, கோல் கம்பத்தின் மறுமூலைக்குள் இறங்கியது. கோல் காவலர் திகைத்து நின்றார். உலகின் மிக அழகான கோலுக்கு ஃபீஃபா வழங்கும் புஸ்காஸ் விருது, 2017 ஜனவரியில் அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் மலேசியர் அவரே. ஆனால், அதே 2017ஆம் ஆண்டின் இறுதியில் அவரது அணி சூப்பர் லீக்கிலிருந்து இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கிற்கு இறக்கப்பட்டது. புகழை ஒரே உதையில் பெற்றுவிடலாம். புள்ளிகளை அப்படிச் சேர்க்க முடியாது.

1998இலும் 2001இலும் நாட்டின் லீக் வெற்றியாளராக இருந்த அணிக்கு இது பெரிய இறக்கம். கீழ்ப்பிரிவில் ஆடும் அணியை விளம்பரதாரர்கள் எளிதில் தேடி வருவதில்லை. நல்ல ஆட்டக்காரர்களைப் பிடித்து வைப்பதும் கடினம். எதிரே வந்து நிற்பவையோ சில வேளைகளில் பெரிய குழுக்களின் இரண்டாம் அணிகள்! அவ்வணிகள் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் மேல் பிரிவுக்குச் செல்ல முடியாது. ஆனால் மற்றவர்களின் புள்ளிகளைப் பறிக்க முடியும். இத்தகைய களத்தில் பினாங்கு மூன்று பருவங்களைக் கழித்தது.

மூன்றாவது பருவம் 2020. பிப்ரவரி இறுதியில் தொடங்கிய ஆட்டங்கள் சில வாரங்களிலேயே நின்றன. கோவிட்-19 பரவலால் மார்ச் 18 முதல் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. திடல்கள் மூடப்பட்டன. ஆகஸ்டு இறுதியில் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியபோது விதிகளே மாறியிருந்தன. பன்னிரண்டு அணிகளும் ஒன்றையொன்று இருமுறை சந்திப்பதற்குப் பதில், ஒரே முறைதான் மோதும். 22 ஆட்டங்கள் 11 ஆகச் சுருங்கின. ஓர் ஆட்டத்தில் சறுக்கினால் அதே அணியை மீண்டும் சந்தித்து ஈடுகட்ட வழியில்லை. பார்வையாளர்களுக்கும் அனுமதி இல்லை.

ஆதரவாளர் இல்லாத அரங்கம் எப்படியிருக்கும்? பயிற்றுநர் கத்துவது திடலின் மறுகோடிவரை கேட்கும். பந்தை உதைக்கும் ஓசை காலி இருக்கைகளில் மோதித் திரும்பும். கோல் விழும்போது எழும் ஆரவாரம் மட்டும் இராது. கீழே விழுந்த அணியை மூன்று ஆண்டுகளாகக் கைவிடாமல் அரங்கத்துக்கு வந்தவர்கள், இப்போது வீட்டில் அமர்ந்து கைப்பேசித் திரையில் முடிவைத் தேட வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் பினாங்கு பட்டியலின் உச்சியில் நின்று பருவத்தை முடித்தது. இரண்டாம் இடத்தைப் பிடித்தது திரங்கானுவின் இரண்டாம் அணி. அதற்கு மேலே செல்லத் தகுதியில்லை என்பதால், மூன்றாம் இடத்திலிருந்த கோலாலம்பூர் அணி பினாங்குடன் சேர்ந்து சூப்பர் லீக்கில் நுழைந்தது. கீழ்ப்பிரிவுதானே என்று அலட்சியம் செய்தவர்களுக்கு 2021 பதில் சொன்னது. பினாங்கு சூப்பர் லீக்கில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. கோலாலம்பூர் மலேசியக் கிண்ணத்தையே வென்றது.

ஆனால் 2022இல் பினாங்கு கடைசி இடத்துக்குச் சரிந்தது. அவ்வாண்டோடு பிரிமியர் லீக் நிறுத்தப்பட்டதால், விழுவதற்குக் கீழே ஒரு படி இல்லாமல் அணி மேல் பிரிவிலேயே தங்கியது. அந்தப் பருவத்தில் அரங்கத்தின் கதவுகள் திறந்திருந்தன. வெற்றியை நேரில் காணக் கிடைக்காத ஆதரவாளர்கள், தோல்விகளைப் பார்க்க வந்து அமர்ந்தார்கள்.