மாமாவின் இடது கையும் ஒரு டிரம் பெட்டியும்

ராத்திரி பத்தரை மணிக்கு மாமா போன்.

"மாப்ள, என் இடது கை போச்சுப்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வருஷம்தான் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தது. அத்தை கொஞ்சமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேர அவகாசத்துக்குள் போட முடிந்தது. பிசியோதெரபியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்துகொண்டிருந்தார்.

"வாய் கோணுதா மாமா? பேச்சு குழறுதா? ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. கை தூக்குது. ஆனா நான் டிரம்ஸ்ல அடிக்கிறது கம்ப்யூட்டர்ல விழ மாட்டேங்குது. வலது கை விழுது. இடது கை விழல."

அப்பாடா என்று இருந்தது. "நாளாகும் மாமா, பொறுமையா இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் செய்த தப்பு அதுதான். இந்தப் பதிவே அதைப் பற்றித்தான் மக்களே.

மாமா முப்பது வருஷம் மதுரைப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசித்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று, வெளிநாட்டில் இருக்கும் அவர் பையன் லீவில் வந்தபோது ஒரு எலக்ட்ரானிக் டிரம் செட் வாங்கி வைத்தான். அடுக்குமாடி வீடு. ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. லேப்டாப்பில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போட்டு, வாரா வாரம் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தான்.

ரெண்டு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான். "அத்தான், அப்பா டிரம்ஸ்கிட்டயே போறதில்லையாம். பிசியோதெரபிக்கும் போகலையாம். 'கை செத்துப்போச்சு, எதுக்கு வீண் செலவு'ன்னு சொல்றாராம்."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன்.

சரி, இந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுது என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு பேடுக்கு அடியிலும் காசு அளவுக்கு ஒரு வட்டத் தகடு ஒட்டியிருக்கும். அதுதான் பீசோ சென்சார். தட்டினால், அழுத்தினால் மின்சாரம் கொடுக்கும் பொருள். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த தத்துவம். நாம் ஸ்கேன் எடுக்க வயிற்றில் வைக்கிறோமே, அந்த அல்ட்ராசவுண்ட் ப்ரோப்புக்குள் இருப்பதும் இதே வகைதான்.

குச்சி பட்டதும் சென்சார் ஒரு சின்ன மின்துடிப்பைக் கொடுக்கும். அது கேபிள் வழியாக மாட்யூல் என்கிற பெட்டிக்குப் போகும். மாட்யூல் அதை இரண்டு எண்களாக மாற்றும். எந்த டிரம் என்பது ஒரு எண்: வழக்கமாக பேஸ் டிரம் 36, ஸ்னேர் 38. எவ்வளவு பலமாக அடித்தோம் என்பது இன்னொரு எண்: 1 முதல் 127 வரை. இதற்கு வெலாசிட்டி என்று பெயர். இந்த எண்கள்தான் யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போகின்றன. மிடி என்று சொல்வது இதைத்தான். சத்தம் போவதில்லை, கணக்குதான் போகிறது.

ஆக வழி இதுதான்: கை, பேடு, கேபிள், மாட்யூல், லேப்டாப். ஒரு அடி காணாமல் போனால் இதில் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். நரம்பியலில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே "கோளாறு எங்கே என்று கண்டுபிடி, என்ன என்பதை அப்புறம் யோசி" என்பதுதான். மாமா எடுத்த எடுப்பிலேயே கையில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டரான நானும் போனிலேயே ஆமாம் போட்டேன்.

மாமாவை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். "எதுக்கு மாப்ள" என்று சலித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஹெட்போன் வேண்டாம் என்று சொல்லி, பேடுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். வலது கை ஹை-ஹேட்டில் டக் டக் என்று போகிறது. இடது கை ஸ்னேரில் மெதுவாக, ஆனால் விடாமல் தட்டுகிறது. கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது.

அடுத்து ஹெட்போனை நேராக மாட்யூலில் சொருகிக் கேட்டேன். இடது கை அடி அதிலேயே இல்லை. அப்படியென்றால் லேப்டாப், சாஃப்ட்வேர், யூஎஸ்பி மூன்றும் நிரபராதி. கோளாறு அதற்கு முன்னாடியே இருக்கிறது.

ஸ்னேர் கேபிளையும் பக்கத்து பேடு கேபிளையும் மாற்றிச் சொருகினேன். அந்த பேடு நன்றாகவே பேசுகிறது. கேபிளும் நிரபராதி. பழையபடி மாற்றிவிட்டேன்.

கடைசியாக நானே குச்சியை வாங்கி, மாமா அடித்த அதே மெதுவோடு ஸ்னேரில் தட்டினேன்.

சத்தமே வரவில்லை.

மறுபடி தட்டினேன். வரவில்லை.

"மாமா, எனக்குப் பக்கவாதம் வரல. என் கை நல்ல கை. என் அடியும்தான் விழல. பாருங்க."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. குச்சியை வாங்கி, வலது கையால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். அதுவும் விழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டார்.

மாட்யூல் செட்டிங்கைத் திறந்தால், ஸ்னேருக்கு த்ரெஷோல்டு எக்கச்சக்க உயரத்தில் இருந்தது. 'இதற்குக் கீழே வரும் துடிப்பைக் கண்டுகொள்ளாதே' என்கிற வரம்பு அது. பையனுக்குப் போன் போட்டேன். "ஆமா அத்தான், செட் பண்ணும்போது நான்தான் ஏத்தினேன். பேஸ் டிரம்மை மிதிச்சா ஸ்னேரும் சேர்ந்து அடிச்சுது."

அவன் செய்ததிலும் நியாயம் உண்டு. எல்லா பேடும் ஒரே கம்பியில் மாட்டியிருப்பதால் ஒன்றின் அதிர்வு இன்னொன்றுக்குப் போகும். இதற்கு கிராஸ்டாக் என்று பெயர். ஆனால் அவன் ஓங்கி அடிக்கும் இளைஞன். தன் கைக்கு அளவெடுத்த சட்டையை அப்பாவுக்கு மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பேஸ்மேக்கர் வைத்த நோயாளிகளிடமும் இதே கதைதான். இதயத்தின் துடிப்பைப் பேஸ்மேக்கர் உணர ஒரு வரம்பு வைப்போம். வரம்பு அதிகமானால், இதயம் துடித்தாலும் கருவிக்குத் தெரியாது. குறைந்துவிட்டால் ஒரே துடிப்பை இரண்டாக எண்ணும். கிராஸ்டாக் என்கிற வார்த்தைகூட அங்கேயும் உண்டு!

த்ரெஷோல்டை ஒவ்வொரு படியாக இறக்கினேன். மூன்றாவது படியில் மாமாவின் இடது கை ஹெட்போனில் கேட்டது. லேப்டாப்பிலும் 38ஆம் வரிசையில் சின்னச் சின்னக் கட்டங்களாக விழ ஆரம்பித்தது. வெலாசிட்டி 18, 22, 19.

எதிர்பார்த்த மாதிரியே பக்கவிளைவும் வந்தது. ஸ்னேரில் ஓங்கி அடித்தால் ஒரு அடி இரண்டாக விழுந்தது. அடித்த பிறகும் வலை அதிர்ந்துகொண்டே இருப்பதால் வருவது இது. மாஸ்க் டைம் என்று ஒரு செட்டிங் உண்டு. ஒரு அடியைப் பதிவு செய்ததும் சில மில்லி செகண்டு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது. அதைக் கொஞ்சம் கூட்டி, தளர்ந்திருந்த வலையையும் இறுக்கினேன். சரியாகிவிட்டது. கிராஸ்டாக்குக்கு கம்பியின் பிடிகளை முடுக்கி, ஸ்னேரை பேஸ் டிரம்மிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டினேன்.

லேப்டாப்பிலும் இரண்டு விஷயம் இருந்தது.

ஒன்று, பஃபர் 1024இல் இருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள் என்று கணக்குப் போட்டால், அது மட்டுமே 23 மில்லி செகண்டு தாமதம். லேப்டாப் வழியாகக் கேட்டு வாசித்தபோது "என் கை லேட்டா வருது"ன்னு மாமா சொன்னதில் இதற்கும் பங்கு உண்டு. 128க்கு இறக்கினால் 3 மில்லி செகண்டுதான். இப்போது ஹெட்போனை மாட்யூலிலேயே மாட்டிக்கொள்கிறார். லேப்டாப் பதிவு மட்டும் செய்கிறது.

இரண்டு, குவான்டைஸ் ஆன் ஆகியிருந்தது. தாளம் தப்பிய அடியைத் தானாகத் தள்ளி இடத்தில் வைக்கும் வசதி. பாட்டுக்கு நல்லது. தேறி வருகிற கைக்கு? தப்பையும் மறைக்கும், முன்னேற்றத்தையும் மறைக்கும். அணைத்துவிட்டேன்.

மாமாவிடம் பொய் சொல்லவில்லை. "வலது கை 90 போடுது, இடது கை 20 போடுது. பலவீனம் உண்மைதான் மாமா. ஆனா கை செத்துப்போச்சுங்கிறது பொய்."

"போதும் மாப்ள. இடது கையோட சின்ன அடிதான் பாட்டுக்கே உயிரு" என்றார். அன்று ராத்திரி பத்து மணி வரை எழுந்திருக்கவே இல்லை என்று அத்தை சொன்னார். மறுநாளிலிருந்து பிசியோதெரபிக்கும் போகிறார். இந்த எண் சிகிச்சைக்கான அளவுகோல் இல்லை, கையைச் சோதித்துச் சொல்ல வேண்டியது பிசியோதெரபிஸ்ட்தான் என்பதையும் சொல்லிவைத்திருக்கிறேன்.

வீட்டில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் இருந்து அடி காணாமல் போனால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஹெட்போனை மாட்யூலில் சொருகிக் கேளுங்கள். அங்கே கேட்டால் கோளாறு லேப்டாப் பக்கம். கேட்காவிட்டால் பேடு, கேபிள், மாட்யூல் பக்கம்.
2. கேபிளை மாற்றிப் பாருங்கள். கோளாறு கேபிளோடு நகர்ந்தால் கேபிள்தான்.
3. வேறொருவரை அதே பலத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.
4. த்ரெஷோல்டை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். இரட்டை அடி வந்தால் மாஸ்க் டைமைக் கூட்டுங்கள்.
5. புது பேடு வாங்குவதைக் கடைசியில் யோசியுங்கள்.

"ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காதீங்க, ஆளைத் தொட்டுப் பாருங்க" என்று ஜூனியர் டாக்டர்களுக்குச் சொல்பவன் நான். சொந்த மாமா விஷயத்தில் ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு சொன்னேன். அதனால் அவருக்கு ரெண்டு வாரப் பயிற்சி போனது. பக்கவாதத்திலிருந்து மீள்கிறவருக்கு முதல் வருஷத்தில் ரெண்டு வாரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நேற்று மாமா ஒரு பதிவு அனுப்பியிருந்தார். இடது கை 41.

வீட்டில் யாராவது "என்னால முடியல" என்று சொன்னால், போனில் பதில் சொல்லாமல் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் மக்களே.