பெரியம்மாவின் முசுட்டை வேலி

கடந்த ஐப்பசியில் பெரியம்மாவைப் பார்க்கத் திரியாய்க்குப் போனேன். திருகோணமலையில் புல்மோட்டை பஸ் ஏறினால் நிலாவெளி, குச்சவெளி தாண்டி வருவது எங்கள் ஊர். வெளியாருக்குத் திரியாய் என்றால் குன்றின் மேலுள்ள கிரிகண்டு சேய என்னும் பழைய தூபிதான். எனக்கோ பெரியம்மாவின் வேலி.

1985இல் வீடுகள் எரிக்கப்பட்டன. போர்க்காலத்தில் ஊரே இடம்பெயர்ந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின்னர் சனங்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். பெரியம்மா போனபோது வளவு பற்றைக்காடாகக் கிடந்தது. வீடில்லை, எல்லையில்லை, உறுதியும் எரிந்துபோயிற்று. முதலில் கிணற்றுக்கட்டு தட்டுப்பட்டது. அதற்கப்பால் ஒரு பூவரச மரத்தில் முசுட்டைக்கொடி படர்ந்து நின்றது.

"அந்தப் பூவரசு நான் நட்ட கதியால். கொடி மாமி நட்டது. அதிலயிருந்துதான் வளவை அளந்தேன் பிள்ளை" என்றார்.

முகாமில் இருந்த வருடங்களில் ஒருபிடி கீரைக்கும் காசு தேடவேண்டியிருந்ததாம். இப்போது முட்கம்பி வேலி வந்துவிட்டது. கம்பி போட வந்த பொடியன்கள் கொடியை வெட்டப் பார்க்க, பெரியம்மா குறுக்கே நின்று தடுத்தாராம்.

முசுட்டை எங்கள் மண்ணின் கொடி. இலையின் அடிப்பக்கம் வெள்ளியாய் மினுங்கும், பூ வெள்ளை. நடுவது சுலபம். முற்றிய தண்டை ஒரு முழ நீளத்தில் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி மாரி தொடங்கும்போது நடவேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. பக்கத்தில் கிளுவையோ பூவரசோ நின்றால் தானே சுற்றி ஏறும். வேர் பிடித்து நன்றாகப் படரும்வரை இலை பறிக்காதீர்கள். பார்வைக்கு இதுபோன்ற வேறு கொடிகளும் உண்டு. ஆகவே, தெரிந்தவர் காட்டிய கொடியிலிருந்தே தண்டு எடுங்கள்.

அன்று மத்தியானம் முசுட்டை வறைதான். இளம் இலையைக் கழுவி, மெல்லிய சுருளாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புச் சேர்த்து வதக்கி, தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டி இறக்கினார். சுடுசோற்றுக்கு வேறு கறி தேவைப்படவில்லை.

திரும்பும்போது ஈரச்சாக்கில் சுற்றி மூன்று தண்டு தந்தார். நான் இருப்பது வாடகை வீடு, வேலி என்னுடையதல்ல. பழைய வாளியில் மண் நிரப்பி நட்டேன். இரண்டு காய்ந்துவிட்டன. மூன்றாவது துளிர்த்திருக்கிறது. வீடு மாறினால் வாளியோடு தூக்கிக்கொண்டு போவேன்.

சகோதரிகளே, உங்கள் ஊர் வேலியில் என்ன கொடி படர்ந்திருந்தது? அம்மாவிடம், அம்மம்மாவிடம் கேளுங்கள். இந்த மாரிக்கு ஒரு தண்டாவது நட்டுவிடுங்கள்.