தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளை

இங்கிலாந்தில் சிறந்த நாடக நடிகர்களுக்கு அரச பீடம் 'சர்' பட்டம் வழங்கிச் சிறப்பிப்பது 1895இல் ஹென்றி இர்விங்கிலிருந்து தொடங்கிய வழக்கம். லாரன்ஸ் ஒலிவியரும் ரால்ப் ரிச்சர்ட்சனும் 1947இல் அப்பட்டத்தைப் பெற்றனர். ஜான் கீல்குட் 1953இலும் அலெக் கின்னஸ் 1959இலும் பெற்றனர். இந்நால்வரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஐந்தாமவர் ஒருவர் உண்டு. அவரையும் பட்டம் தேடி வந்தது. அவர் வேண்டாமென்றார். பால் ஸ்கோபீல்டு என்னும் அக்கலைஞர் இறுதிவரை வெறும் திரு. ஸ்கோபீல்டாகவே வாழ்ந்தார்.

அவர் 1922ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பிறந்தார். வளர்ந்தது சசெக்ஸ் மாவட்டத்து ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட் என்னும் சிற்றூரில். தந்தையார் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். தலைமையாசிரியர் பிள்ளை என்றால் படிப்பில் முதல்வனாக இருந்தாக வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். இது எந்நாட்டுக்கும் பொது என்று என் பிள்ளைகளும் சான்று பகர்வார்கள். ஸ்கோபீல்டோ தாம் பள்ளியில் ஒரு மண்டு என்று பிற்காலத்தில் கூசாமல் கூறியவர். பன்னிரண்டாம் வயதில் பிரைட்டன் நகரத்து வார்ண்டீன் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஷேக்ஸ்பியர் அவரை ஆட்கொண்டார். ஆண்கள் பள்ளியாதலால் பெண் வேடமும் மாணவர்களுக்கே. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஜூலியட்டாக மேடையேறினான். படிப்பில் பின்தங்கிய ஒரு மாணவனுக்கு ஆண்டுக்கொரு பள்ளி நாடகம் எதைத் தரவல்லது என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். தேர்வு நெருங்குகிறது, நாடகம் எதற்கு என்று கேட்கும் பெற்றோரிடம் இதனை எடுத்துச் சொல்வதுண்டு.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. பர்மிங்காம் நாடக அரங்கில் பயின்று, ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு நகர் மேடைக்கு 1946இல் வந்தார். பீட்டர் புரூக் என்னும் இளம் இயக்குநரின் நட்பு வாய்த்தது. 1955இல் புரூக்கின் இயக்கத்தில் ஹாம்லெட்டாக மாஸ்கோ சென்று நடித்தார். 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அந்நகரில் நடித்த முதல் ஆங்கில நாடகக் குழு அதுவே. 1962இல் நாற்பது வயதில் முதியவர் லியர் மன்னனாக நின்றார். 2004இல் அரச ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவினர் தங்களுக்குள் கருத்துக் கேட்டபோது, ஷேக்ஸ்பியர் பாத்திரங்களில் எக்காலத்துக்கும் சிறந்த நடிப்பு அந்த லியரே என்று தேர்ந்தனர்.

ஆயினும் உலகம் அவரை அறிந்தது தாமஸ் மோராகத்தான். எட்டாம் ஹென்றி மன்னன் தன்னைத் திருச்சபைக்குத் தலைவனாக்கிக் கொண்டபோது, அதனை ஏற்று உறுதிமொழி கூற மறுத்து 1535இல் தலையை இழந்தவர் மோர். அவர் வரலாற்றை ராபர்ட் போல்ட் நாடகமாக்கினார். போல்ட்டும் பள்ளி ஆசிரியராக இருந்தவரே. இலண்டனில் 1960இல் அரங்கேறிய அந்நாடகம் அமெரிக்காவுக்குச் சென்று, 1962இல் ஸ்கோபீல்டுக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது. 1966இல் பிரெட் ஜின்னமான் அதனைத் திரைப்படமாக்கினார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற நாளில், ஆங்கில விரிவுரையாளர் ஒருவர் அப்படத்தை ஒளிநாடாவில் போட்டுக் காட்டினார். பாதி வசனம் எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கிய பகுதி பேசாத பகுதி. மோர் சட்டம் கற்றவர். வாய் திறவாதிருந்தால் சட்டம் தம்மைத் தொட முடியாது என்பது அவருடைய கணக்கு. ஆகவே வழக்கு முடியும்வரை மனத்திலுள்ளதைச் சொல்வதில்லை. சொல்லாதிருத்தலை இரண்டு மணி நேரம் நடித்துக் காட்டுவது எவ்வாறு? ஸ்கோபீல்டு கண்ணிமையைத் தாழ்த்துகிறார். விடை கூறுமுன் ஒரு மூச்சு நேரம் தாமதிக்கிறார். எதிரிகள் குரலை உயர்த்த உயர்த்தத் தம் குரலை இறக்குகிறார். தீர்ப்புக் கூறப்பட்ட பின்னர்தான் மனத்தைத் திறக்கிறார். அப்பொழுது அக்குரல் மண்டபம் முழுதும் நிறைகிறது. அத்தனை நேரமும் அதனைச் சேமித்து வைத்திருந்தார் என்பது அப்பொழுதுதான் நமக்குப் புலப்படுகிறது.

அடுக்குமொழியும் முழங்கும் குரலும் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அவற்றைக் குறை கூற மாட்டேன். தமிழை நாவில் ஏற்றியவை அவை. ஆனால் நம் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளில் எட்டு வயதுக் குழந்தை நரம்பு புடைக்கக் கத்துவதையும், நடுவர்கள் அதற்கே மதிப்பெண்ணை அள்ளி வழங்குவதையும் காணும்போது அந்த நீதிமன்றக் காட்சி என் நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளிப் போட்டிகளில் குரல்வளத்துக்கென இருந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இடமறிந்து நிறுத்திப் பேசுவதற்கு மாற்றினேன். சில பெற்றோருக்கு அது இன்றும் பிடிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. உறுதிமொழி கூற மறுத்தவனை உலகுக்கு அளித்த போல்ட், 1961இல் அணுகுண்டு எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றார். வேறொரு படத்தின் வேலை நின்றுவிடும் என்று தயாரிப்பாளர் வற்புறுத்தவே, நன்னடத்தை உறுதியில் கையெழுத்திட்டு வெளியே வந்தார். அதற்காக அவர் நெடுநாள் வருந்தினார் என்பர். எழுதுவது ஒன்று, நிற்பது ஒன்று. அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

1967இல் அப்படத்துக்கு ஆறு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. சிறந்த நடிகர் ஸ்கோபீல்டு. விழாவுக்கு அவர் செல்லவில்லை. படத்தில் அவர் மனைவியாக நடித்த வெண்டி ஹில்லர் பெற்றுக்கொண்டார். 1943இல் மணந்த நடிகை ஜாய் பார்க்கருடன், வளர்ந்த ஊருக்கு அருகிலுள்ள பால்கம் என்னும் சிற்றூரிலேயே அவர் இறுதிவரை குடியிருந்தார். பெயருக்கு முன்னே ஒன்று வேண்டுமாயின் 'திரு' என்பதற்கு என்ன குறை என்பது அவர் கேட்டதாகக் கூறப்படும் கேள்வி. நம்மிடையே பொன்னாடைக்கும் மாலைக்கும் பட்டத்துக்கும் வரிசையில் நிற்போர் உளர். அழைப்பிதழில் அடைமொழி ஒன்று விடுபட்டால் விழாவையே புறக்கணிப்போரும் உளர். ஸ்கோபீல்டு விருதுகளை வெறுத்தவரல்லர். 1956இல் அரசு அளித்த சி.பி.இ. விருதையும், 2001இல் அளித்த உயர்ந்த சி.எச். விருதையும் ஏற்றார். அவை பெயருக்குப் பின்னே வருபவை. முன்னே வந்து பெயரையே மாற்றுவதைத்தான் மறுத்தார்.

முதுமையில் அவர் நடித்த படங்களுள் எனக்கு நெருக்கமானது 1994இல் வந்த 'குவிஸ் ஷோ'. அமெரிக்காவில் 1950களில் உண்மையாக நடந்த தொலைக்காட்சிப் புதிர்ப்போட்டி மோசடி அதன் கதை. விடைகளை முன்னதாகவே பெற்றுக்கொண்டு வென்ற இளம் விரிவுரையாளனின் தந்தையாக ஸ்கோபீல்டு வருகிறார். தந்தையும் பேராசிரியர், கவிஞர். வகுப்பறையில் மகன் உண்மையைச் சொல்கிறான். அந்த முதியவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விடையை அறிந்துகொண்டே வினாவுக்கு விடை கூறுவதா? அப்படியும் ஒருவன் செய்வானா? மெல்ல மெல்ல விளங்குகிறது. மகனுடைய பெயரும் தன் பெயரும் ஒன்றே என்பதும் அப்பொழுதே விளங்குகிறது. அந்த முகத்தைக் காணும்போதெல்லாம், ஹர்ஸ்ட்பியர்பாயிண்ட் பள்ளித் தலைமையாசிரியர் தம் மண்டு மகனை எவ்வாறு நோக்கியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பேன்.