லென்ஸ் வராத வானாய்வகம்

மிசிசிப்பி மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்றொரு சிற்றூர். சிக்கசா பழங்குடிகளிடம் எழுதி வாங்கிய மண்ணில் 1837-இல் எழுந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் வைப்பதுபோல, இங்கிலாந்துப் பல்கலைக்கழக நகரத்தின் பெயரைச் சூட்டி, தங்களுக்கும் ஒரு பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். கிடைத்தது. 1848-இல் வகுப்புகள் தொடங்கின.

இவ்வூரைப் பார்க்க வருபவர்கள் நேராக வில்லியம் ஃபாக்னரின் ரோவன் ஓக் வீட்டுக்குப் போவார்கள். எழுதும் அறைச் சுவரிலேயே ஒரு நாவலின் கதைச்சுருக்கத்தைக் கிறுக்கி வைத்த மனிதர். நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் அதுவும் காட்சிப்பொருளாகிவிட்டது; நம் வீட்டில் என்றால் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.

என் மனம் போவது வேறொரு கட்டடத்துக்கு. ஃபிரெடரிக் பர்னார்டு இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்தைப் பார்த்து அதே சாயலில் ஒன்று எழுப்பினார். 1859-இல் வேலை முடிந்தது. மாசசூசெட்ஸின் ஆல்வன் கிளார்க்கிடம் பதினெட்டரை அங்குல லென்ஸுக்குச் சொல்லியாயிற்று. அப்போது உலகில் பயன்பாட்டில் இருந்த எந்தத் தொலைநோக்கி லென்ஸையும்விடப் பெரியது. அதற்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. மாணவர்கள் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போனார்கள், பல்கலைக்கழகம் மூடப்பட்டது, லென்ஸ் வடக்கிலேயே தங்கிவிட்டது.

1862 ஜனவரி 31 இரவு, கிளார்க்கின் மகன் அதைச் சோதிக்க சிரியஸ் விண்மீனை நோக்கித் திருப்பினார். பக்கத்தில் மங்கலாக ஒரு துணை மீன்! சிரியஸ் பி என்ற அது ஒரு வெண்குறுமீன் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த வகை மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1930-இல் கப்பலில் போகும்போது கணக்குப் போட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பத்தொன்பது வயது சந்திரசேகர். லென்ஸ் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு மிஞ்சியது கட்டடம் மட்டும்.

விண்ணைப் பார்க்க இத்தனை ஆசைப்பட்ட வளாகத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள். பர்னார்டிடமும் அடிமைகள் இருந்தார்கள். ஆனாலும், தன் வீட்டு அடிமைப் பெண் ஒரு மாணவன்மீது சொன்ன குற்றச்சாட்டை அவர் நம்பினார். அதற்காக 1860-இல் அவர்மீதே விசாரணை வைத்தார்கள். தப்பினார், பிறகு நியூயார்க்கின் கொலம்பியாவுக்குத் தலைவரானார். அந்தப் பெண் என்னவானாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலும்.

அந்த அடிமைகளின் வழியில் வந்த ஒருவர் இங்கே மாணவராகச் சேர 114 ஆண்டுகள் ஆயின. 1962 செப்டம்பர் 30 இரவு, ஜேம்ஸ் மெரிடித்தைச் சேர்க்கக் கூடாதென்று பல்கலைக்கழகத்தின் லைசியம் கட்டடத்தைச் சுற்றிக் கலவரம் வெடித்தது. இருவர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர். ராணுவம் வந்துதான் அடங்கியது. மறுநாள் காலை மெரிடித் பதிவு செய்துகொண்டார்.

2006-இல் லைசியத்தின் பின்புறம் அவருக்குச் சிலை வைத்தார்கள். முன்புறத்தில் 1906 முதலே உள்நாட்டுப் போரின் தென்தரப்புப் போர்வீரன் ஒருவனின் சிலை நின்றது. 2020-இல்தான் அதை வளாகத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நகர்த்தினார்கள். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் ஒரே கட்டடத்துக்கு முன்னால் அவன், பின்னால் இவர். ஊரை நன்றாகப் புரிந்துகொள்ள அந்த ஆண்டுகளில்தான் போயிருக்க வேண்டும்.