மாடிக்கு ஒரு லேன் கேபிள்

அன்புள்ள கார்த்தி,

மாடி அறையில் வாலரண்ட் ஆடும்போது பிங் எகிறுகிறது, 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள் சித்தி என்று எழுதியிருந்தாய். கண்டிப்பாகப் பேசுகிறேன். ஆனால் பிளானுக்காக இல்லை, சுவரில் ஒரு துளை போட அனுமதி கேட்டு.

ஆடும்போது அந்த கேம் எடுத்துக்கொள்வது ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கும் குறைவு. 300 வாங்கினால் அப்டேட் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். நீ சுட்ட தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, அந்த நேரம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கிறதா, இவைதான் ஆட்டத்தில் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிது. எப்போதும் 45 மில்லிசெகண்ட் என்றால் கை பழகிவிடும். 31, 33, 30, திடீரென்று 180 என்றால் எதற்குப் பழகுவது?

பாளையங்கோட்டையிலிருந்து மும்பை சர்வர் நேர்கோட்டில் சுமார் 1,250 கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. போய்வர 12 மில்லிசெகண்டாவது ஆகும், எந்த பிளானாலும் அதற்குக் கீழே இறக்க முடியாது. பாதையும் நேராகப் போவதில்லை என்பதால் 30, 40 வருவது நியாயம்தான். வீட்டுக்குள் கூடுகிற நேரத்தில்தான் நாம் கைவைக்க முடியும்.

அது கூடுகிறதா என்று முதலில் பார். கமாண்ட் பிராம்ப்டில் பிங் போட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடு. பெரும்பாலும் 192.168.1.1, இல்லையென்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே இருக்கிற அந்தப் பெட்டிக்கே சில சமயம் 2, சில சமயம் 90 என்று வந்தால், கோளாறு நம் ஹாலுக்கும் உன் அறைக்கும் நடுவில் இருக்கிறது. அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். ரவுட்டர் டிவிக்குப் பின்னால் ஷோகேஸுக்குள் அடைந்து கிடக்கிறது, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அந்தத் தெருவில் எல்லார் வீட்டு வைஃபையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்கும், மோதினால் மறுபடி அனுப்பும். அந்தக் காத்திருப்புதான் உன் 180.

லேன் கேபிளில் இந்தக் காத்திருப்பு இல்லை. ஒரே நேரத்தில் அனுப்பலாம், வாங்கலாம், வேறு யாரும் குறுக்கே வரமாட்டார்கள். கேட்5இ போதும். 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் போகும், நமக்கு 20 மீட்டர்கூட வேண்டாம். கடையில் பியூர் காப்பர் என்று கேட்டு வாங்கு. செம்பு பூசிய அலுமினியத்தை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்க விடாதே.

ஜாக் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடிக்கு நடுவில் நீலம் புகுந்திருப்பது தப்பு மாதிரி தெரியும், அதுதான் சரி. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. மாட்டிய பிறகு கம்ப்யூட்டரில் லிங்க் ஸ்பீடு 1000 காட்ட வேண்டும். 100 காட்டினால் நீலமோ பிரவுனோ சரியாக உட்காரவில்லை. 100-க்கு ஆரஞ்சும் பச்சையும் மட்டுமே போதும் என்பதால் நெட் வேலை செய்துகொண்டே இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கேபிள் போட்ட பிறகும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பிங் ஏறினால் அம்மாவின் போனைப் பார். போட்டோக்கள் பேக்அப் ஆகும்போது அப்லோடு நிரம்பி, உன் பாக்கெட்டுகள் ரவுட்டரில் வரிசையில் நிற்கும். இதற்கு நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் கோடெல் என்று ஒரு முறை சொன்னார்கள்: வரிசை தேங்கிக்கொண்டே போனால் சில பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடுவது, அதைக் கண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ரவுட்டரில் இந்த மாதிரி முறையைப் பயன்படுத்தும் எஸ்க்யூஎம் என்று ஒரு வசதி இருந்தால் அதை ஆன் செய்து, அப்லோடு வேகத்தைக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து வை. இல்லையென்றால் பேக்அப்பை நடுராத்திரிக்குத் தள்ளிவிடு. அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்.

அப்பா துளைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் ரிப்பீட்டர் வாங்காதே. பெரும்பாலானவை ஒரே ரேடியோவில் வாங்கித் திருப்பி அனுப்புகிறவை, காத்திருப்பு இன்னும் கூடும். வெளிச்சுவர் வழியாக ஏற்றலாம். அதற்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள் வேண்டும். ஐப்பசியில் இடி மின்னல் தொடங்கியதும் இரண்டு முனையையும் கழற்றி வைத்துவிடு, நல்ல மேட்ச் நடுவில் இருந்தாலும் சரி.

அன்புடன்,
சித்தி